மின்சாரக் காடி வாங்கப் போறீங்களா? ராத்திரி எங்க நிறுத்துவீங்க, அதை முதல்ல சொல்லுங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குக் கிளம்புற அவசரத்துல படிக்காதீங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து படிங்க. வீட்டுல காடி வாங்கத் துடிக்கிற பிள்ளைங்க இருந்தா அவங்களையும் பக்கத்துல உட்கார வச்சுக்குங்க.

கொஞ்ச மாசமா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் ஆலயத்துக்குப் பின்னாடி காடி நிறுத்துற இடத்துல ஒரு கூட்டம் சேருது. கையில பிரசாதம், வாயில ரேஞ்ச், கிலோவாட், சார்ஜர். முன்னெல்லாம் மைவியா சாகாவான்னு பேசுவாங்க. இப்போ இ.மாஸா, பி.ஒய்.டி-யா, டெஸ்லாவா, புதுசா வந்த பெரோடுவாவான்னு பேச்சு. நாலு அன்பர்கள் எங்ககிட்ட நேரா வந்து, "அண்ணே, நீங்க எல்லாத்துலயும் ஏறி இறங்குறீங்களே, எதை வாங்கலாம் சொல்லுங்க"ன்னு கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட எழுதிப் போட்டுடலாம்னு நினைச்சோம்.

நாங்க காடி நிபுணர்கள் இல்லை. தொண்டர் குழுவுல இருக்கிறவங்க பாதிப் பேர் தொழிற்சாலையில, மீதிப் பேர் லோரி, பள்ளி பஸ், விமான நிலைய வேலை. ஆனா வெள்ளிக்கிழமை பாட்டிமார்களை வீட்டுக்குப் போய் ஏத்திக்கிட்டு வர்றது, அன்னதானத்துக்கு அண்டா தூக்குறது, நடக்க முடியாத பெரியவங்களை மருந்து எடுக்க புத்ராஜெயா மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் எங்க வேலை. குழுவுல இப்போ மூணு மின்சாரக் காடி ஓடுது. ஒரு இ.மாஸ் 7, ஒரு டோல்பின், ஒரு மாடல் 3. கடையில விக்கிறவர் சொல்ற விஷயம் வேற, சாம்பார் வாளியோட ஓட்டுறவர் சொல்ற விஷயம் வேற. நாங்க சொல்லப் போறது ரெண்டாவது.

முதல்ல வயசானவங்க ஏறி இறங்குறது. எந்த விளம்பரத்துலயும் இதைப் பத்திப் பேச மாட்டாங்க. மின்சாரக் காடிக்கு பேட்டரி தரைக்கு அடியில படுத்திருக்கும். அதனால காலை வைக்கிற தரை கொஞ்சம் மேல வந்துடும். உயரம் குறைவான காடியா இருந்தா, உட்கார்ந்ததும் முட்டி நெஞ்சுக்கு வர்ற மாதிரி இருக்கும். பின்னாடி உட்கார்ற பாட்டிமார்களுக்கு அது கஷ்டம். டெஸ்லாவுல மாடல் 3 தாழ்வான காடி, மாடல் Y உயரம் கூடுனது. விலை, வேகம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், முட்டி வலி இருக்கிற அம்மா வீட்டுல இருந்தா இந்த உயர வித்தியாசம் ஒண்ணே போதும் முடிவு பண்ண. இ.மாஸ் 7 மாதிரி எஸ்.யு.வி.க்கு அந்தத் தொல்லை கம்மி. சேலை கட்டினவங்க பின்னாடி நகர்ந்தாலே உட்கார்ந்துடலாம், குனிய வேண்டாம். நடுவுல மேடு இல்லாத தரைங்கிறது நல்ல விஷயம், மூணாவதா உட்கார்றவர் காலை மடக்க வேண்டாம்.

காடி பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கன்னு நாங்க சொல்றது இதுக்குத்தான். பிள்ளைங்க முன் சீட்டுல உட்கார்ந்து ஸ்கிரீனைத் தட்டிப் பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறாங்க.

அடுத்தது கதவுக் கைப்பிடி. இப்போ வர்ற பல காடிகள்ல கைப்பிடி கதவோடு கதவா உள்ளே ஒட்டிக்கிட்டு இருக்கு. காத்துத் தடை குறையும், பார்க்க அழகு, சரி. போன மழைக்காலத்துல எங்க குழு ஏத்திக்கிட்டு வந்த ஒரு பெரியம்மா, வெளியில நின்னு கதவைத் தடவித் தடவிப் பார்த்து நனைஞ்சே போயிட்டாங்க. எந்தக் காடின்னு சொல்லல, தேவையும் இல்லை. ஒரு முனையை அமுக்கினா மறுமுனை வெளியே வரும், அதைப் பிடிச்சு இழுக்கணும். எண்பது வயசு விரலுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளேயும் அப்படித்தான். சில காடிகள்ல கதவு திறக்கிறது மின்சாரப் பட்டன். கரண்ட் போயிட்டா திறக்க வேற ஒரு இழுப்பு எங்கேயோ ஒளிஞ்சிருக்கும்.

இது நாங்க மட்டும் புலம்புற விஷயம் இல்லைங்க. சீனாவுல விபத்துக்குப் பிறகு கதவு திறக்க முடியாமப் போன சம்பவங்கள் பெரிய பேச்சாகி, அந்த அரசாங்கமே 2027 ஜனவரி 1-லிருந்து புது மாடல் காடிகளுக்கு உள்ளேயும் வெளியேயும் கையால திறக்கிற இயந்திரப் பிடி கட்டாயம்னு விதி போட்டிருக்கு. இந்த ஃபேஷன் அதிகமாப் பரவின நாடே இப்போ திரும்பி வருது. ஆகவே உங்க காடியில ஒளிஞ்ச கைப்பிடி இருந்தா, வாங்குன அன்னைக்கே வீட்டுல இருக்கிற எல்லாரையும் உட்கார வச்சு, கரண்ட் இல்லாமக் கதவைத் திறக்கிறது எப்படின்னு ஒரு தடவை பழக்கிடுங்க. பின் சீட்டுக் கதவுக்கு அது எங்க இருக்குன்னு தனியாக் கேளுங்க. முன் கதவுல ஒரு இடம், பின் கதவுல வேற இடம்.

ஸ்கிரீன் விஷயத்துக்கு வர்றோம். இங்கதான் வெள்ளிக்கிழமை கூட்டம் ரெண்டாப் பிரியும். இளசுங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.

தொழிற்சாலையில வேலை செய்யுறவங்களுக்கு ஒரு விஷயம் சொன்னாப் புரியும். இன்னைக்கு மிஷின் எல்லாமே ஸ்கிரீன்தான். வேகம், சூடு, எண்ணிக்கை எல்லாம் தொட்டுத்தான் மாத்துறோம். ஆனா எவ்வளவு கோடிப் பெருமான மிஷினா இருந்தாலும் நிறுத்துற பட்டன் மட்டும் ஸ்கிரீனுக்குள்ள இருக்காது. காளான் மாதிரி சிவப்பா, பெருசா, வெளியில இருக்கும். ஏன்? பயத்துல மனுஷன் பார்த்துத் தொட மாட்டான், கையால அடிப்பான். எங்க லைன்ல புதுசா வர்ற பிள்ளைக்கு முதல் நாள் காட்டுறதே அந்தப் பட்டன்தான். கண்ணை மூடிக்கிட்டு அடிக்கச் சொல்லுவோம். காடியிலயும் அவசரத்துக்கு வேணுங்கிறது கைக்கு அடியில, பார்க்காமத் தொடுற இடத்துல இருக்கணும்ங்கிறது எங்க கட்சி.

டெஸ்லா மாடல் 3 புது வடிவம் 2023-ல வந்தப்போ, ஸ்டீயரிங் பக்கத்துல இருந்த சிக்னல் குச்சியை எடுத்துட்டாங்க. சிக்னல் போட ஸ்டீயரிங் மேலேயே ரெண்டு பட்டன். முன்னுக்கும் பின்னுக்கும் போறதுக்கு கியர் ஸ்கிரீன்ல தள்ளணும். நேர் ரோட்டுல பழகிடலாம். நமக்குப் பக்கத்துல புத்ராஜெயா இருக்கே, போற இடமெல்லாம் புலாத்தான். ஸ்டீயரிங் பாதி திரும்பி இருக்கும்போது அந்தப் பட்டன் தலைகீழாப் போயிடும். இடது எது, வலது எதுன்னு யோசிச்சு அமுக்குறதுக்குள்ள வெளியேறுற வழி தாண்டிடும். எங்க குழுவுல மாடல் 3 ஓட்டுற தம்பி, "பழகிட்டா ஒண்ணும் இல்ல மாமா"ன்னுதான் சொல்றார். பழக மூணு வாரம் ஆச்சுன்னும் அவரே சொல்றார். ஆனா அதே கம்பெனி 2025-ல மாடல் Y-யைப் புதுப்பிச்சப்போ சிக்னல் குச்சியை எடுக்காம விட்டது. பிறகு சில நாடுகள்ல மாடல் 3-க்கும் குச்சியைத் திருப்பிக் கொடுத்தது. அதுக்கு மேல நாங்க என்ன சொல்ல.

ஐரோப்பாவுல காடிகளுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் 2026-லிருந்து ஒரு கணக்கு வச்சிருக்கு. சிக்னல், ஹசாட் லைட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு. இந்த அஞ்சுக்கும் கையால தொட்டு உணர்ற பட்டனோ குச்சியோ இருந்தாத்தான் முழு மார்க். வோக்ஸ்வேகனும் பட்டனுக்குத் திரும்புறோம்னு சொல்லிட்டாங்க. ஏர்கோன், சத்தம் இதெல்லாம் ஸ்கிரீன்ல இருந்தாப் பரவாயில்லைன்னு சிலர் சொல்றாங்க. நாங்க அதையும் ஒத்துக்க மாட்டோம். மதியம் ரெண்டு மணிக்கு வெயில்ல நின்ன காடியில ஏறினா முதல்ல கை தேடுறது ஏர்கோனைத்தான். டெங்கில் வெயில் தெரியாதவங்க வடிவமைச்சதுன்னு நினைச்சுக்குவோம்.

அழகுக்குன்னு செய்யுறதுல எல்லாமே வீண்னும் சொல்ல முடியாது. பி.ஒய்.டி அட்டோ 3-ல கதவுப் பையில கிட்டார் கம்பி மாதிரி மூணு கம்பி இழுத்துக் கட்டியிருக்கு, மீட்டினா சத்தம் வரும். பெரியவங்க சிரிச்சாங்க, சின்னப் பிள்ளைங்க விடவே மாட்டேங்குதுங்க. அதே காடிக்குப் பின்னாடி முதல்ல "பில்ட் யுவர் டிரீம்ஸ்"னு நீளமா எழுதியிருந்தது. பிறகு வந்ததுல வெறும் பி.ஒய்.டி மட்டும். அந்த மாத்தத்தை நாங்க எல்லாரும் ஒரு மனசா ஆதரிச்சோம். ஓட்டுறவன் கனவை ரோட்டுல போறவனுக்கெல்லாம் எதுக்குக் காட்டணும்?

வாகன பூஜையையும் இந்த இடத்துலயே சொல்லிடுறோம். புது மின்சாரக் காடி வந்தா குருக்கள் முன் மூடியைத் திறக்கச் சொல்றார், உள்ளே என்ஜின் இல்லை. சிலதுல பெட்டி, சிலதுல ஏதோ மூடி. சரின்னு முன்னாடி நல்லா சந்தனம், குங்குமம் வச்சு, பெரிய மாலை போட்டு அனுப்புவோம். ரோட்டுக்குப் போனதும் காடி கத்த ஆரம்பிச்சிடும், முன்னாடி ஏதோ இடிக்குதுன்னு. முன் பக்கத்துல இருக்கிற கேமரா, சென்சார் மேல மாலை தொங்கினா அதுக்குக் கண்ணு மறைஞ்ச மாதிரி. அதனால மாலையைப் பூஜை முடிஞ்சதும் எடுத்து உள்ளே வச்சுக்குங்க. குங்குமம் கண்ணாடி உச்சியில இருக்கிற கேமரா பக்கம் வேண்டாம், நம்பர் பிளேட் ஓரமா வைங்க. எலுமிச்சம் பழத்துக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, சக்கரம் எல்லாக் காடிக்கும் சக்கரம்தான்.

இனி முக்கியமான இடம். தலைப்புல கேட்ட கேள்வி.

மின்சாரக் காடியோட லாபம் முழுக்க வீட்டுச் சுவருல இருக்கு. காடியில இல்லை. கணக்குப் பார்ப்போம். 2025 ஜூலையில வந்த புது கட்டணப்படி, சாதாரண வீட்டுக்கு தெனாகா ஒரு யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து சுமார் 44 காசு. நடுத்தர அளவு மின்சாரக் காடி 100 கிலோமீட்டர் ஓட 15, 16 யூனிட் குடிக்கும். ஆக 7 வெள்ளி. மைவி 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர்னு வைங்க. 2025 செப்டம்பர் 30-ல தொடங்குன புடி95 விலையில லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஆக 12 வெள்ளி. மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 70 வெள்ளிக்கும் 120 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் 50 வெள்ளி. அவ்வளவுதான். "எண்ணெய்க் காசு மிச்சம், அதுலயே தவணை கட்டிடலாம்"னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அதுலயும் ஒரு சின்னக் கழித்தல் இருக்கு. வீட்டு பில் மாசம் 600 யூனிட்டுக்கு உள்ளே இருந்தா 10 வெள்ளிச் சில்லறைக் கட்டணம் இல்லை. காடி 160 யூனிட் கூட்டினா பல வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டும். ஆயிரம் யூனிட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற சிக்கனக் கழிவும், யூனிட் கூடக் கூட இறங்கும். நேரம் பார்த்துக் கட்டணம் போடுற திட்டத்துக்கு மாறிக்கிட்டா கொஞ்சம் ஈடு கட்டலாம். அதுல திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் மதியம் 2 மணியிலிருந்து ராத்திரி 10 மணி வரை விலை கூட, மத்த நேரம் கம்மி. ராத்திரி பத்துக்கு மேல செருகுங்க, காலையில நிறைஞ்சிருக்கும்.

இதெல்லாம் சொந்தச் சுவர் உள்ளவருக்கு. சுவர் இல்லாதவர் வெளியில வேக சார்ஜருக்குப் போகணும். அங்க யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல. 1 வெள்ளி 30 காசுன்னு பிடிச்சாலே 100 கிலோமீட்டருக்கு 20 வெள்ளி தாண்டுது. மைவியை விட அதிகம்! அதுக்கு மேல வரிசையில நிக்கிற நேரம், போற வர்ற தூரம், ஒரு சார்ஜர் வேலை செய்யாட்டி அடுத்ததைத் தேடுறது. இத்தனைக்கும் நம்ம பக்கத்துல சைபர்ஜெயா இருக்கு. டெஸ்லாவோட மலேசியத் தலைமையகமே அங்கதான், 2023-ல திறந்தாங்க. இங்கிருந்து பத்து, பதினஞ்சு நிமிஷம். ஆனா அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கு இடையில ரெண்டு வேற உலகம் இருக்குங்க.

நம்ம அன்பர்கள்ல எத்தனை பேர் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பிராங் பெசார் தோட்டமும் சுத்தி இருந்த தோட்டங்களும் புத்ராஜெயாவுக்காக எடுக்கப்பட்டப்போ, தொண்ணூறுகள் கடைசியில லயத்துல இருந்து அந்த மாடிகளுக்கு வந்த குடும்பங்கள். கித்தா மரம் வெட்டினவங்க, செம்பனைக் குலை தூக்கினவங்க. லயத்துல வீட்டு வாசல்னு ஒண்ணு இருந்தது. மாடிக்கு வந்த பிறகு வாசல் கிடையாது, காடி நிறுத்த ஒரு கோடு போட்ட இடம்தான், அதுவும் முதல்ல வந்தவருக்கு. நாலாவது மாடி ஜன்னல்ல இருந்து வயர் விட முடியுமா? விடக் கூடாது. சிலர் விளையாட்டாக் கேட்டாங்க, அதனால அழுத்திச் சொல்றோம். நீட்டிப்பு வயர்ல பத்து மணி நேரம் இழுத்தா வயர் சூடாகி உருகும். கீழே காடி, மேலே பிள்ளைங்க தூங்குற வீடு.

இப்போ ஒரு உண்மையான சிக்கல் ஆலயத்து வாசலுக்கு வந்திருக்கு. அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு தூரம் எழுதினோம்.

மாடியில இருக்கிற நம்ம தம்பி ஒருத்தர், பேர் வேண்டாம், அவங்க அம்மா வருஷக்கணக்கா நமக்குக் கோலம் போடுறவங்க, மின்சாரக் காடிக்கு முன்பணம் கட்டிட்டார். தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டுற வேலை. வீட்டுக்கடன் இல்லை, ஒன்பது வருஷக் காடிக் கடன். கட்டின பிறகுதான் சார்ஜ் எங்க போடுறதுன்னு யோசிச்சிருக்கார். செயலவைக்கு வந்து கேட்டார்: "ராத்திரி ஆலயத்துல நிறுத்திக்கலாமா, கரண்டுக்குக் காசு கொடுத்துடுறேன்." கேட்டது தப்பே இல்லை. அவருக்கு அப்புறம் இன்னும் ரெண்டு பேர் அதையே கேட்டிருக்காங்க.

பொருளாளர் அக்கா சொன்னது: கரண்டு பில்லு உண்டியல் காசு, அம்மாவுக்கு விளக்குப் போட அன்பர்கள் கொடுத்தது, அதுல காடி ஓட்ட முடியாது. நியாயம். இன்னொரு பெரியவர் சொன்னது: தோட்டத்துல இருந்து வந்த குடும்பத்துக்கு ஆலயம் ஒரு பிளக்கு கொடுக்கலேன்னா யார் கொடுப்பா? அதுவும் நியாயம்.

எங்க கருத்தை மறைக்காமச் சொல்றோம். சமையல் கட்டு பிளக்குல கண்டிப்பாக் கூடாது. அந்த வயரிங் பழசு, அரிசி பானையும் கிரைண்டரும் ஓடுறப்பவே சுவிட்சு சூடாகுது. சாதாரண மூணு ஊசி பிளக்குல சார்ஜ் போட்டா ரெண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல, பத்து மணி நேரத்துல சுமார் 130 கிலோமீட்டருக்கு ஆகும். அந்தத் தம்பிக்கு அது போதும். ஆனா பத்து மணி நேரம் விடாம இழுக்கிறது பழைய வயருக்கு ஆகாது. செய்யுறதா இருந்தா பதிவு பெற்ற வயர்மேனை வச்சு, மெயின் பெட்டியில இருந்து தனி வயர், தனி பிரேக்கர், கசிவு வந்தா வெட்டுற சுவிட்சு, தனி மீட்டர். செலவை உபயமா யாராவது ஏத்துக்கலாம், உண்டியல்ல கை வைக்க வேண்டாம். இன்னொண்ணு, யூனிட் கணக்குப் போட்டு வெளியாருக்குக் கரண்ட் விக்கிறதுக்கு லைசென்ஸ் விவகாரம் உண்டு. அதனால எரிசக்தி ஆணையத்துலயும் தெனாகாவுலயும் எழுத்துல கேட்டு வாங்கின பிறகுதான் ஒரு காசு கூட வாங்கணும். "நம்ம ஆலயம்தானே"ன்னு வாய் வார்த்தையில ஆரம்பிச்சா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறது அந்தக் கடுதாசியைத்தான்.

பதில் வர சில மாசம் ஆகலாம். அதுவரைக்கும் காடியை எடுக்காம இருக்க முடியுமான்னு தம்பியை விற்பனையாளர்கிட்ட பேசச் சொல்லியிருக்கோம். வேலை செய்யுற இடத்துல பிளக்கு கிடைக்குமான்னும் கேக்கச் சொல்லியிருக்கோம். ரெண்டுமே இல்லேன்னா முன்பணம் போனாலும் பரவாயில்லை, இப்போதைக்குப் பழைய காடியை ஓட்டுங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். அவங்க அம்மா இதைப் படிச்சா வருத்தப்படக் கூடாது. தினம் வேக சார்ஜர்ல போட்டு ஒன்பது வருஷம் ஓட்டுறதுக்கு அந்தக் குடும்பத்துக்குத் தாங்காது.

மத்தவங்களுக்கு இன்னும் சில விஷயம், சுருக்கமா.

ரேஞ்ச் நம்பரை அப்படியே ஒப்பிடாதீங்க. இ.மாஸ் 7-க்குச் சொல்ற 345, 410 கிலோமீட்டர் டபிள்யூ.எல்.டி.பி கணக்கு. பெரோடுவா கியூ.வி-இ-க்குச் சொல்ற 445 என்.இ.டி.சி கணக்கு. ரெண்டாவது பழைய கணக்கு, எப்பவும் கூடுதலாக் காட்டும். 445 பெருசு 410 சின்னதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஹைவேயில 110-ல ஏர்கோனோட அஞ்சு பேர் போனா எந்த நம்பரும் குறையும்.

விலையிலயும் அப்படித்தான். கியூ.வி-இ 2025 டிசம்பர்ல அறிமுகமானப்போ விலை 80,000 வெள்ளின்னு பேப்பர்ல வந்தது. அது பேட்டரி இல்லாத விலை. பேட்டரிக்கு மாசம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது வருஷம். பெருக்கிப் பாருங்க, 29,700 வருது. சேர்த்தா 1,09,700. இ.மாஸ் 7 ஆரம்ப விலையும் கிட்டத்தட்ட அங்கதான் நிக்குது. வாடகை முறை கெட்டதுன்னு சொல்லல, பேட்டரிக் கவலை நம்ம தலையில இல்லைங்கிறது சிலருக்கு நிம்மதி. ஆனா 80,000-ஐ மட்டும் கேட்டுட்டு ஓடாதீங்க. கையில காசு கம்மி, தினம் ஓட்டுறது ஐம்பது கிலோமீட்டர், வீட்டுல பிளக்கு இருக்கு, சின்னக் குடும்பம்னா இ.மாஸ் 5 போதும். அது டபிள்யூ.எல்.டி.பி கணக்குலயே 225, பெரிய பேட்டரிக்கு 325. ரெண்டாவது காடியா நல்லது. அதுல குடும்பத்தோட மாரான் போறேன்னு கிளம்பினா வழியில பசியாறுறதுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

மாரான்னதும் ஞாபகம் வருது. பங்குனி உத்திரத்துக்கு மரத்தாண்டவர் ஆலயம் போக வர நமக்கு 400 கிலோமீட்டர் சொச்சம், நடுவுல கெந்திங் செம்பா மேடு வேற. எந்த மின்சாரக் காடியா இருந்தாலும் ஒரு தடவையாவது வழியில சார்ஜ் போடணும்னு வச்சுக்குங்க. சாதாரண நாள்ல அரை மணி நேரம், தேத்தண்ணி குடிக்கிற நேரம். திருவிழா நாள்ல உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேர் நிப்பாங்க. அன்னைக்கு முதல் நாள் ராத்திரியே போயிடுங்க, இல்லேன்னா எங்க பஸ்ல ஏறிக்குங்க, சீட்டு எப்பவும் இருக்கு.

வெள்ளம் பத்தியும் பெண்கள் நிறையக் கேக்குறாங்க, தண்ணியில ஷாக் அடிக்குமான்னு. பேட்டரி நல்லா மூடித்தான் இருக்கும், மழையில ஓட்டலாம், மழையில சார்ஜ் போடலாம். ஆனா 2021 டிசம்பர்ல லங்காட் ஆறு நம்ம ஊருக்குள்ள வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி தண்ணியில முங்கின காடியை, மின்சாரமோ எண்ணெயோ, ஸ்டார்ட் பண்ணாதீங்க. சார்ஜும் போடாதீங்க, இழுவை வண்டி கூப்பிடுங்க. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருக்கான்னு கேளுங்க. கேட்டாத்தான் சேர்ப்பாங்க. சாலை வரி 2025 கடைசி வரைக்கும் இலவசமா இருந்தது, 2026-லிருந்து மோட்டார் கிலோவாட் பலத்தைப் பார்த்துக் கட்டணும். அதிக பலம், அதிக வரி. தேவையில்லாத வேகத்தை வாங்க இது ஒரு காரணம் குறைவு.

மனசாரப் பாராட்ட வேண்டியது ஒண்ணு இருக்கு. பல மின்சாரக் காடிகள்ல இருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம். ஆடி மாச ஊர்வலத்துல ஒரு தொண்டரோட காடியில இருந்து மைக் செட்டுக்கும் விளக்குக்கும் கரண்ட் எடுத்தோம். ஜெனரேட்டர் சத்தம் இல்லை, புகை இல்லை. பஜனை பாடினவங்க குரல் மூணு வீடு தள்ளிக் கேட்டது. நாலு மணி நேரத்துக்குப் பேட்டரி கொஞ்சம்தான் இறங்குச்சு. கூடாரத்துக்கு அடியில சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு தாத்தா, "கரண்ட்டு எங்கேருந்துடா வருது"ன்னு கேட்டு, காடியைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். அடுத்த வருஷம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம்னு செயலவையில பேச்சு இருக்கு. கிரைண்டரை மட்டும் அதுல மாட்டாதீங்க, அது சமையல் கட்டுலயே இருக்கட்டும்.

சார்ஜர் விஷயத்தை முடிவு பண்ண வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு ஆலய மண்டபத்துல செயலவைக் கூட்டம். மாடியில இருக்கிற அன்பர்கள் கண்டிப்பா வாங்க. மின்சாரக் காடி இல்லாதவங்களும் வாங்க, உங்க உண்டியல் காசைப் பத்தின பேச்சு அது. வயர்மேன் லைசென்ஸ் உள்ள அன்பர் யாராவது இருந்தா முன்கூட்டியே எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, மெயின் பெட்டியை சனிக்கிழமை சாயங்காலம் திறந்து காட்டுறோம். பசியாற இட்லி இருக்கு.